நபீஸா அத்தையின் ரெண்டு மணிப் பவுடர்

காரைக்குடிக்குக் கேமராவோட வர்ற எல்லாரும் ஒரே படத்தைத்தான் எடுத்துட்டுப் போறாக. பெரிய கதவு ஒண்ணு, அதுக்கு முன்னால சுருக்கம் விழுந்த முகம் ஒண்ணு. அந்தப் பெரியவுகளுக்கும் பழகிப்போச்சு. கேமராவைக் கண்டதும் தானா ஒரு பக்கம் தலையைச் சாய்ச்சுக்கிறாக. இதைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஏன்னா நாங்களும் காலேஜ் கடைசி வருஷத்துல அதைத்தான் எடுத்தோம், எடுத்துட்டுப் போய் நல்லா வாங்கியும் கட்டிக்கிட்டோம்.

நான் சத்தியப்பிரியா. இப்ப பள்ளத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் டீச்சர். ஆண்டு விழா, விளையாட்டு விழா எது வந்தாலும் போட்டோ எடுக்கிற வேலையை என் தலையிலதான் கட்டுவாக, 'நீதான் விஸ்காம் படிச்சவளாச்சே'ன்னு. கேமராவைக் கையில வாங்குற போதெல்லாம் எனக்கு நபீஸா அத்தை ஞாபகம் வந்துரும். சொந்த அத்தை இல்ல. கூடப் படிச்ச ரிஸ்வானாவோட அம்மா. கழனிவாசல்ல எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி. அந்த வருஷம் நான் எங்க வீட்டுல சாப்பிட்டதைவிட அவுக வீட்டுல சாப்பிட்டதுதான் அதிகம். எங்கம்மா கோவிச்சுக்கிட்டு, 'அங்குட்டே ஒரு பாயைப் போட்டுப் படுத்துக்க'ன்னு சொல்ற அளவுக்கு.

அத்தை சேலைக்கு ஃபால்ஸ் வச்சு ஓரம் அடிச்சுக் குடுக்கும். வாய் சும்மா இருக்காது. தையல் மெஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசிப் பழகி, மெஷின் நின்ன பிறகும் அதே சத்தத்துலதான் பேசும். சிரிச்சா தெருமுனைக் கடைக்குக் கேக்கும். யாரையும் கிண்டல் பண்ணாம அதுக்குச் சோறு இறங்காது. நான் தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டுப் போனா, 'என்னத்தா, எந்தப் புளியமரத்துல இருந்து இறங்கி வார'ன்னு கேக்கும். அந்தக் குரலைக் கேக்கணும்னே நான் சில நாள் தலை சீவாமப் போவேன்.

ஹனிபா மாமா, அதான் அத்தையோட வீட்டுக்காரரு, ரிஸ்வானா 'அத்தா'ன்னு கூப்பிடுற அவ அப்பா, அப்ப மலேசியாவுல இருந்தாரு. கிள்ளான் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில பரோட்டா மாஸ்டர். ரிஸ்வானா தவழ்ந்துக்கிட்டு இருக்கையில போனவரு. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வந்துட்டுப் போவாரு, பெட்டி நிறைய சாக்லேட்டும் தைலமும் கொண்டாருவாரு. கொரோனா வந்ததுல அதுவும் நின்னுபோச்சு. அங்குட்டே மாட்டிக்கிட்டாரு. மகளை அவரு கடைசியா நேர்ல பார்த்தப்ப அவ ஸ்கூல் யூனிபார்ம்ல இருந்தா.

தினமும் மதியம் ரெண்டு மணிக்கு மாமாகிட்ட இருந்து வீடியோ கால் வரும். அங்க அப்ப சாயங்காலம், கடையில கூட்டம் ஏறுறதுக்கு முந்தின ஓய்வு நேரம். அத்தை அதுக்கு முன்னாடியே மெஷினை நிப்பாட்டிரும். முகத்தைக் கழுவித் துடைச்சு, பவுடர் போட்டு, நல்ல சேலையா ஒண்ணைச் சுத்திக்கிட்டு முக்காடு போட்டு, பிரிட்ஜுக்கு முன்னால நாற்காலியைப் போட்டு உக்காரும். பிரிட்ஜ் மாமா சம்பாத்தியத்துல வாங்குனது, அது தெரியணும். பக்கத்துச் சுவத்துல மழைத்தண்ணி இறங்குன கறை தெரியக்கூடாது. போனைத் தண்ணிப் பாட்டில்ல சாய்ச்சு வச்சு, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, அங்குட்டுக் கொஞ்சம் இங்குட்டுக் கொஞ்சம் நகர்த்தும். வாசக்கதவை ஒருக்களிச்சுச் சாத்திரும், தெருவுல போறவுக எட்டிப் பார்ப்பாகன்னு. இருட்டு வீட்டுல போன் வெளிச்சம் அத்தை முகத்துல அடிக்கும். பவுடர் போட்ட முகம் பளிச்சுன்னு இருக்கும்.

அந்த வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. பேசி முடிச்சு ஸலாம் சொன்ன பிறகு யாரும் முதல்ல பட்டனை அமுத்திக் காலை முடிக்கக்கூடாது. மாமா முதல் பயணம் போனப்ப அத்தையோட மாமியார் சொல்லி வச்சதாம், பயணத்துல இருக்கறவுகளை நாமளாப் பேச்சை முடிச்சு அனுப்பக்கூடாதுன்னு. மாமியார் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்து வருஷமாச்சு, அவுக சொன்னது நிலைச்சுப்போச்சு. மாமாவுக்கும் அதே நெனப்பு, வீட்டுப் பேச்சை நாம முடிக்கிறதாவதுன்னு. அதனால ஸலாம் சொன்னதும் ரெண்டு பேரும் அவுகவுக போனை மேசையில கவுத்து வச்சுருவாக. ரெண்டு பக்கமும் படம் கருப்பாயிரும், ஆனா கால் ஓடிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரத்துல நெட்டு தானா அறுந்துபோகும். இல்லைன்னா கடையில கூப்பிட்டதும் மாமா போனை எடுத்து அமுத்துவாரு. கருப்புப் படத்தை அமுத்துறதுல தோஷம் இல்லைன்னு அவுகளா ஒரு சமாதானம்.

போனைக் கவுத்ததும் அத்தை எந்திரிச்சு நேரா குழாயடிக்குப் போகும். 'இந்த வெக்கையில பவுடர் கசகசங்குது'ன்னு சொல்லிக்கிட்டே முகத்தைக் கழுவும். திரும்பி வரும்போது பழைய அத்தை, பழைய சத்தம். நடுவுல அந்த முகம் எப்படி இருந்துச்சுன்னு நாங்க யாரும் பார்த்ததில்லை.

அத்தைக்கு மாமா ஊருக்கே வந்துரணும். அதான் விஷயம். அது எனக்கும் தெரியும், ரிஸ்வானாவுக்கும் தெரியும், ஃபால்ஸ் வைக்க வர்றவுகளுக்கும் தெரியும். மாமாவுக்கு மட்டும் தெரியாது. வருஷா வருஷம் வேலைப் பெர்மிட்டு புதுப்பிக்கிற சமயம் வந்தா மாமா சிரிச்சுக்கிட்டே கேப்பாரு, 'என்ன நபீஸா, வந்துரவா?'ன்னு. அத்தையும் சிரிச்சுக்கிட்டே, 'ஏன், அங்க வெரட்டி விட்டுட்டாகளா'ன்னு கேக்கும். அதோட அந்த வருஷமும் போயிரும்.

எனக்கு வாய் அடங்காது. ஒரு நாள் கேட்டேபுட்டேன், "வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன அத்தை, வாயில முத்தா கொட்டிரும்?"

அத்தை ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே சொல்லுச்சு. "அவுக அங்க சந்தோஷமா இருக்காகத்தா. சிரிக்கிறதைப் பார்க்கலையா நீ. கூட்டாளிங்க இருக்காக, நேரத்துக்குச் சாப்பாடு இருக்கு. அவுகளாத் தோணி வந்தா வரட்டும். நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வரவழைச்சேன்னு வையி, நாளைக்கு இங்க ஒண்ணு தோதுப்படலைன்னா அது என் தலையிலதான் விடியும்."

ரெண்டு இட்லியைப் போட்டுக்கிட்டு நான் பாட்டுக்கு உக்காந்துட்டேன்.

கொரோனா முடிஞ்சு காலேஜ் ஒழுங்கா நடந்த வருஷம் அது. எங்களுக்கு போட்டோகிராபி பாடம் எடுத்தது தேனம்மை மேடம். கடைசி வருஷ புராஜெக்டுக்கு ஒரு தொடர் கேட்டாக, முடிவுல காலேஜ்லயே கண்காட்சியா மாட்டுறதுக்கு. பத்து முகம். ஒவ்வொண்ணுலயும் அந்த ஆளோட மனசு தெரியணும், ஆனா யாரையும் நடிக்க வைக்கக்கூடாது. நானும் ரிஸ்வானாவும் ஒரே குரூப், எங்களுக்குச் சேர்த்துக் காலேஜ் கேமரா ஒண்ணு. எல்லாரும் போற மாதிரி நாங்களும் செட்டிநாட்டு வீடுக இருக்கிற கானாடுகாத்தானுக்குப் பஸ் ஏறினோம். கதவு, தூணு, மீசை, சுருக்கம்னு எடுத்துக் குவிச்சுட்டு, கருப்பு வெள்ளையா மாத்தி, ஏதோ சாதிச்சுட்ட மிதப்புல கொண்டுபோய் நீட்டினோம்.

மேடம் ஒவ்வொண்ணாத் தள்ளிப் பார்த்துட்டு, "கதவு நல்லா நடிச்சிருக்கு. ஆளைத்தான் காணோம்"னாக. கிளாஸே சிரிச்சுச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேடத்தையே ஒரு கதவுக்கு முன்னால நிப்பாட்டிப் படம் எடுக்கலாம் போல இருந்துச்சு.

ரிஸ்வானா என்னை மாதிரி இல்ல. கோவம் வந்தா பேச்சை விட்டுருவா. ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள் அவ வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம், மாமா கால் வந்து முடிஞ்சுது. அத்தை போனைக் கவுத்துட்டுக் குழாயடிக்குப் போகுது. ரிஸ்வானா சோத்துல கையை வச்சவ அப்படியே இருந்தா.

"சத்யா, அம்மா முகத்தை இந்த நேரத்துல யாராச்சும் பார்த்திருக்கமா?"

அதுதான் புராஜெக்டு. வெளிநாட்டுல ஆள் இருக்கிற வீடு நம்ம ஊர்ல ஒண்ணா ரெண்டா. கால் பேசும்போது எல்லாரும் சிரிச்ச முகமாத்தான் இருப்பாக. ஸலாமோ டாட்டாவோ சொல்லி முடிச்ச பிறகு அந்த முகம் என்ன ஆகுதுன்னு எடுக்கணும். ரிஸ்வானாவே தொடருக்குப் பேரும் வச்சா, 'வச்ச பிறகு'ன்னு. எனக்குப் புல்லரிச்சுப்போச்சு, ஆனா வெளியில காட்டிக்கலை. 'பேரு பரவாயில்லை'ன்னு சொல்லி வச்சேன்.

அந்த மாசங்களை இப்ப நெனைச்சாலும் எனக்கு ஏக்கமா இருக்கு. தெர்மாகோல் அட்டையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ரிஸ்வானா ஸ்கூட்டி பின்னாடி உக்காந்து போவேன். வெளிச்சத்தைத் திருப்பி விடறதுக்கு அந்த அட்டை. காத்துல அது பறக்கும், செக்காலை ரோட்டுல போற வாரவுக எல்லாம் திட்டுவாக. ஒவ்வொரு வீட்டுலயும் முதல் நாள் கேமராவை வெளியிலயே எடுக்க மாட்டோம். உக்காந்து காபி குடிப்போம், அவுக பேசுறதைக் கேப்போம். ரெண்டாம் தடவையோ மூணாம் தடவையோ போறப்ப கேமராவை மடியில வச்சுக்கிட்டுச் சும்மா இருப்போம். பேச்சு மும்முரத்துல அவுக எங்களை மறந்துருவாக. பேசி முடிச்ச பிறகு ரிஸ்வானா ஒரே ஒரு தடவை அமுத்துவா. சிரிங்க, இங்க பாருங்கன்னு ஒரு வார்த்தை கிடையாது.

முத்துப்பட்டணத்துல கண்ணம்மை ஆச்சி, பிள்ளைக அமெரிக்காவுல. பேத்திகிட்டப் பேசி முடிச்சதும், இருட்டான போன்ல தன் முகத்தைப் பார்த்துத் திருநீறைச் சரி பண்ணிக்கிட்டாக. பேத்தி பார்க்கிறப்ப கோணலா இருந்திருக்குமோன்னு அவுகளுக்குக் கவலை. ஆட்டோ ஓட்டுற பெத்தன் அண்ணன், அவரு சம்சாரம் ஓமன்ல நர்ஸ். பேசி முடிச்ச பிறகும் அவரு முகத்துல சிரிப்பு அப்படியே இருந்துச்சு, கை மட்டும் துண்டை முடிச்சுப் போடுறதும் அவுக்கிறதுமா இருந்துச்சு. மேடம் படங்களை ஒருக்காப் பார்த்துட்டு, திரும்பவும் முதல்ல இருந்து பார்த்தாக. பிறகு, "உங்க வீட்டுல யாரும் வெளிநாட்டுல இல்லையா?"ன்னு ரிஸ்வானாகிட்டக் கேட்டாக.

அங்கதான் சிக்கல். ஒன்பது முகம் ஆயிருச்சு. பத்தாவது யாருன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

அத்தை ஒத்துக்கலை. "ஊரு முகத்தை எல்லாம் எடுத்தாச்சுல்ல, என்னை விடுங்க. அது உங்கத்தா கண்ணுல பட்டுச்சுன்னா அங்க அவுகளுக்கு வேலை ஓடுமா?" மகள் ஒரு வாரம் கெஞ்சுனா. நான் அதட்டிப் பார்த்தேன். "அத்தை, மார்க்கு போயிரும். நாளைக்கு வேலை கிடைக்கலைன்னா உங்க மகளுக்கு நீங்கதான் ஃபால்ஸ் தைக்கச் சொல்லிக் குடுக்கணும்." அதுக்கு அத்தை, "ஏன், ஃபால்ஸ் தைச்சா கொறைஞ்சா போயிருவா. உனக்கும் சேர்த்துச் சொல்லித்தாரேன் வா"ன்னுருச்சு.

கடைசியில மகள் முகத்துக்காகத்தான் இறங்கி வந்துச்சு, அதுவும் ஒரு கண்டிஷனோட. படத்தை மேடத்துகிட்ட மட்டும் காட்டணும், கண்காட்சியில மாட்டக்கூடாது. ரிஸ்வானா தன் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுனா. உடனே அத்தை, "எவ்வளவு சோகம் வேணும், சொல்லுங்க"ன்னு கன்னத்துல கையை வச்சுக்கிட்டு, உதட்டைப் பிதுக்கி, எங்குட்டோ பார்த்துச்சு. இழவு வீட்டுல கூட அப்படி ஒரு மூஞ்சியை நான் பார்த்ததில்லை. மூணு பேரும் சிரிச்சு முடிக்க வெகு நேரமாச்சு.

மறுநாள் மதியம். வழக்கம்போலக் கதவு ஒருக்களிச்சிருக்கு. அத்தை பிரிட்ஜுக்கு முன்னால, பவுடரோட. ரிஸ்வானா பக்கத்துல தரையில உக்காந்திருக்கா, கேமரா மடியில. நான் அட்டையோட சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறேன். "அம்மா, ஸலாம் சொன்ன பிறகு போனைக் கவுக்காதீங்க. அந்த வெளிச்சம் கொஞ்சம் வேணும். அத்தா அங்க கவுத்துருவாரு, உங்களை அவரு பார்க்க மாட்டாரு"ன்னு மகள் சொல்லி வச்சிருந்தா. அத்தையும் சரின்னுருச்சு.

மாமா வந்தாரு. நெத்தியில மாவு ஒட்டியிருந்துச்சு. மகள் படிப்பு, தெரு நியாயம், மழை எல்லாம் பேசி முடிச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

"முதலாளி கேக்குறாரு, பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டுரவான்னு. இந்த மாசத்துக்குள்ள சொல்லணும். என்ன சொல்ல, வந்துரவா?"

அத்தை சிரிச்சுச்சு. "போடச் சொல்லுங்க. இங்க வந்து என்ன செய்யப் போறீக? எங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டா இருப்பீக?"

மாமாவும் சிரிச்சாரு. "அதுவும் சரிதான்"னாரு. ஸலாம் சொன்னாக. அவரு போனைக் கவுத்துட்டாரு, திரை கருப்பாச்சு, மூலையில அத்தை முகம் தெரியிற சின்னக் கட்டத்துல மட்டும் வெளிச்சம்.

அத்தை போனைத் தொடலை. சொன்னபடி அப்படியே உக்காந்திருந்துச்சு. முதல்ல சிரிப்பு போச்சு. பிறகு கன்னம் இறங்குச்சு. வாய் கொஞ்சமாத் திறந்துக்கிட்டுச்சு, ஏதோ சொல்ல வந்து சொல்லாம விட்ட மாதிரி. அழலை. அழுதிருந்தாத் தேவலை. கருப்புத் திரையைப் பார்த்துக்கிட்டு இருந்த அந்த முகத்துல பவுடர் மட்டும் தனியாத் தெரிஞ்சுச்சு. ரிஸ்வானா அமுத்துனாளா இல்லையான்னு கூட எனக்குத் தெரியலை.

அப்பப் பார்த்து போன் பளீர்னு எரிஞ்சுச்சு.

அங்க கடையில மாமாவைக் கூப்பிட்டுருக்காக. அவரு காலை முடிக்கப் போனை எடுத்திருக்காரு. எப்பவும் இந்தப் பக்கம் கருப்பாத்தான் இருக்கும், அமுத்திட்டுப் போயிருவாரு. அன்னிக்கு அந்தக் கருப்புக்குப் பதிலா அத்தையோட முகம் இருந்துச்சு.

"நபீஸா"ன்னு ஒரு சத்தம் மட்டும் வந்துச்சு. அத்தை அவரு முகத்தைக் கூடப் பார்க்காம விருட்டுன்னு போனைப் பிடுங்கி சிவப்புப் பட்டனை அமுத்திருச்சு. அத்தனை வருஷத்துல அந்த வீட்டுல இருந்து முதல் தடவையா. அமுத்துன கையைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. பிறகு எங்களைப் பார்த்து ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு. "திருப்தியாத்தா ரெண்டு பேருக்கும்?"

மறுநாள் ரெண்டு மணிக்குக் கால் வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. 'கடையில ஆள் இல்லை, பிறகு பேசுறேன்'னு ஒரு மெசேஜ் வந்துச்சு. அத்தை பவுடர் போட்டு உக்காந்து பார்த்துட்டு, பேசாம எந்திரிச்சுப் போய் முகத்தைக் கழுவிக்கிட்டு வந்துச்சு. மெஷின் மட்டும் ஓடுச்சு. என் தலையைப் பார்த்துக்கூட ஒண்ணும் சொல்லலை. அதுதான் எனக்குத் தாங்கலை. "முதல்ல நானா அமுத்திட்டேன்ல, அதான்"னு தனக்குத்தானே சொல்லிக்கிரும். இல்லைன்னா, "என் மூஞ்சியைப் பார்த்து மனசு விட்டுப்போச்சு. பெர்மிட்டும் போடாம, இங்குட்டும் வர முடியாமத் தவிக்கிறாகளோ என்னமோ"ன்னு சொல்லும். பெர்மிட்டுக்குச் சொல்ல வேண்டிய மாசம் முடியப்போகுதுன்னு மூணு பேருக்கும் தெரியும்.

ரிஸ்வானா அந்தப் படத்தை அழிக்கப் பார்த்தா. நான்தான் மெமரி கார்டைப் பிடுங்கி என் பையில போட்டுக்கிட்டேன். பிறகு அவளே ஒரு பிரிண்ட் போட்டு, பேப்பர்ல சுத்தி, காலேஜ் பேக்ல வச்சுக்கிட்டா. மாட்ட மாட்டேன்னு சொன்னவ மாட்டலை.

கண்காட்சி அன்னிக்கு செமினார் ஹால்ல ஒன்பது முகம் தொங்குச்சு. கண்ணம்மை ஆச்சி பட்டுச்சேலையில வந்து தன் படத்துக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டாக. பெத்தன் அண்ணன் தன்னைப் பார்த்துட்டு, "நான் இப்படியா இருப்பேன்"னு கேட்டுட்டு வெளியில போய் டீ குடிச்சுட்டு வந்தாரு. பத்தாவது இடம் காலியா இருந்துச்சு. மேடம் கேட்டாக, "எங்க பத்தாவது படம்?"

"எங்கம்மா வேணாம்னுட்டாக மேடம்."

"மார்க்கு குறையும்."

"குறையட்டும் மேடம்"னா ரிஸ்வானா.

கண்காட்சி பார்க்க வந்து பின்னாலயே நின்னுக்கிட்டிருந்த அத்தைக்கு இது கேட்டுச்சு. புர்காவுக்குள்ள கையை விட்டுப் போனை எடுத்துச்சு, ஏதோ மெசேஜ் வந்த சத்தம். மாமா அனுப்புன போட்டோ. வார்த்தை ஒண்ணும் இல்லை, போட்டோ மட்டும்.

பிறகு அவரு சொல்லித் தெரிஞ்சது இது: அன்னிக்கு மாமா போனைப் பிடிச்ச பிடியில ஓரத்துல இருக்கிற ரெண்டு பட்டனும் சேர்ந்து அமுங்கி, அந்த வீடியோ கால் அப்படியே ஸ்கிரீன்ஷாட்டா அவரு போன்ல விழுந்திருக்கு. அது விழுந்ததே அவருக்குத் தெரியாது. கூட வேலை பார்க்கிற ஒருத்தரு வேற எதையோ தேடப் போய்க் கண்டுபிடிச்சுக் காட்டியிருக்காரு.

பெருசா இருந்தது அத்தை முகம். ரிஸ்வானா எடுத்த அதே முகம், இது நேருக்கு நேரா. மங்கல், கட்டம் கட்டமா உடைஞ்சு கிடந்துச்சு. நான் ஐயோன்னு நெனைச்சேன். ஆனா அத்தை அதைப் பார்க்கலை. ரெண்டு விரலை வச்சு மூலையை இழுத்துப் பெருசாக்குச்சு. மூலையில சின்னக் கட்டத்துல மாமாவோட முகம் இருந்துச்சு. காலை முடிக்கப் போனைத் தூக்குன அந்த நிமிஷத்து முகம். யாரும் பார்க்கலைன்னு நெனைச்சுக்கிட்டு இருந்த முகம். அதுல சிரிப்பு இல்லை. கன்னம் இறங்கிக் கிடந்துச்சு. நெத்தியில மாவு அப்படியே இருந்துச்சு.

"ஏத்தா ரிஸ்வானா, இங்க பாரு. அத்தாவைப் பாரு"ன்னுச்சு அத்தை. சத்தமே வரலை. மெஷினுக்கு மேல பேசுற அத்தைக்குச் சத்தமே வரலை. "இவுகளும் இப்படித்தான் இருந்திருக்காக. இத்தனை வருஷமும் இவுகளும் இப்படித்தான் இருந்திருக்காகடி."

அங்கேயே, அத்தனை பேருக்கு நடுவுல, அத்தை தானா மாமாவுக்குக் காலைப் போட்டுச்சு. எப்பவும் மாமாதான் கூப்பிடுவாரு. மாமா எடுத்ததும் ரெண்டு பேரும் ஸலாம் கூடச் சொல்லலை.

"ஏன் இத்தனை நாள் பேசலை?"ன்னு கேட்டுச்சு அத்தை.

"உன்னை அப்படிப் பார்த்த பிறகு எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சிரிக்கிறது"ன்னாரு மாமா.

"பெர்மிட்டுல கையெழுத்துப் போட்டாச்சா?"

"நாளைக்குப் போடணும்."

"போடாதீக. வந்துருங்க."

அந்தப் பக்கம் கடைச் சத்தம் மட்டும் வந்துச்சு. கடைசியில மாமா மெதுவாக் கேட்டாரு, "வந்து என்னம்மா செய்யப் போறேன் நான்?"

"என் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருங்க"ன்னுச்சு அத்தை.

எனக்கு அழுகை வந்துருச்சு. சுத்தி நின்ன பயலுக பார்த்தா பார்க்கட்டும்னு நல்லா அழுதேன். அத்தை போனைக் கவுக்கவும் இல்லை, அமுத்தவும் இல்லை, அதைக் கையிலயே வச்சுக்கிட்டு மகளைப் பார்த்து, "அந்தப் படத்தை எடுத்து மாட்டு. உங்கத்தாவே பார்த்தாச்சு, இனி யாரு பார்த்தா என்ன"ன்னு சொல்லுச்சு. ஆணியும் இல்லை, சுத்தியலும் இல்லை. டேப் போட்டுத்தான் ஒட்டினோம், கொஞ்சம் கோணலா நின்னுச்சு.

இப்ப மாமா காலேஜ் ரோட்டுல ஒரு தள்ளுவண்டியில பரோட்டா போடுறாரு. ரெண்டு பேருக்கும் சண்டை இல்லாத நாளே கிடையாது. மாவுல உப்புக் கூடிப்போச்சுன்னு அத்தை சொல்லும், நீ வந்து போடுன்னு அவரு சொல்வாரு. ரிஸ்வானா சென்னையில ஒரு கம்பெனியில துணிமணிக்குப் போட்டோ எடுக்கிறா. தினமும் ரெண்டு மணிக்கு அவ கால் வருது. அவுக ரெண்டு பேரும் ஒரே போன்ல தலையை முட்டிக்கிட்டுப் பேசுறாக.

மாமா வந்து இறங்குன அன்னிக்கு நாங்க எல்லாரும் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தோம், பெத்தன் அண்ணன் ஏற்பாடு பண்ணுன வேன்ல. ரிஸ்வானா கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வந்தா. மாமா பெட்டி வச்ச வண்டியைத் தள்ளிக்கிட்டு வெளியில வந்தப்ப மகள் கேமராவைத் தூக்குனா. அத்தை அவ கையைப் பிடிச்சு இறக்கி விட்டுருச்சு. "அதை உள்ள வை. நான் பார்த்துக்கிறேன்."

அதனால அந்தப் படம் எங்ககிட்ட இல்லை. நான் கண்ணால பார்த்ததுதான். மாமா இளைச்சிருந்தாரு, தாடி பூரா வெள்ளை. கிட்ட வந்தவரு நின்னுட்டாரு. கை ரெண்டும் வண்டியைப் பிடிச்சபடியே இருந்துச்சு. அத்தையோட முகத்தை நெத்தியில இருந்து தாடை வரைக்கும் பார்த்தாரு. பார்த்துக்கிட்டே இருந்தாரு. பிறகு கேட்டாரு.

"என்ன நபீஸா, பவுடர் போடலையா?"

அத்தை தலையை மட்டும் ஆட்டுச்சு, இல்லைன்னு. பிறகு அங்கேயே, அத்தனை ஜனத்துக்கு நடுவுல, முகத்தை மூடாம அழுதுச்சு.